குரங்கு தள்ளிய டேப் (டேப்லெட்): பாதித் திரை கருப்பு, சார்ஜும் ஏறவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?

நாகலூர் ரைட்டர் | சனி, இரவு 9.10

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருக்கிறேன். சேலத்திலிருந்து மேலே வரும்போது பதினெட்டாவது வளைவில் வண்டியை நிறுத்திப் போன் பேசினேன். ஹேண்டிலில் மாட்டியிருந்த பையில் கொய்யா இருந்தது, டேப்பும் இருந்தது. குரங்கு பையைப் பிடித்து இழுத்ததில் கொய்யா அதற்குப் போனது, டேப் கல் சுவரில் ஒரு மூலை அடித்துத் தார் ரோட்டில் விழுந்தது. லேசான தூறல். நான் ஓடிப்போய் எடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

பத்து இன்ச் ஆண்ட்ராய்டு டேப், 2021ல் வாங்கியது. (எந்தப் பிராண்டு என்று கேட்காதீர்கள், இங்கே அதற்கே தனிச் சண்டை நடக்கும்.) இப்போதைய நிலை: கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விட்டிருக்கிறது. படுக்கை வாட்டில் பிடித்தால் இடது பாதி மை கொட்டியது போலக் கருப்பு, வலது பாதியில் படம் தெரிகிறது. அடிபட்ட மூலை உள்ளே மடங்கியிருக்கிறது. சார்ஜர் போட்டால் ஏறவில்லை.

கீழே ஒரு கடையில் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார், போர்டும் டிஸ்ப்ளேவும் சேர்த்து பதினோராயிரத்து ஐந்நூறு" என்றார்கள். பணம் ஒரு பக்கம். டேப்பில் மூன்று வருட செக்ரோல் (ஆட்களின் வருகை, கூலிப் பதிவு), எடைச் சீட்டுப் படங்கள், களத்தில் காய்ந்த கொட்டையின் கணக்கு எல்லாம் இருக்கிறது. மேலே சிக்னல் லட்சணம் தெரியுமே, எதுவும் இணையத்தில் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

செவ்வாய்ப்பேட்டை தம்பி | சனி, இரவு 9.22

அண்ணா, நனைந்திருந்தால் முதலில் அரிசிப் பானையில் ஒரு ராத்திரி போடுங்க.

அஞ்சுரோடு மெக்கானிக் | சனி, இரவு 10.05

தம்பி, அரிசியை உலையில் போடு. உள்ளே போன தண்ணீரை அரிசி இழுக்காது, அரிசி மாவுதான் சார்ஜிங் பின்னுக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகும். வாரம் ஒன்றாவது அப்படி என் மேசைக்கு வருகிறது.

ரைட்டர் சார், கடைக்காரர் சொன்னதில் ஒரு பொருத்தமில்லை. போர்டு போயிருந்தால் வலது பாதியில் படம் எப்படித் தெரியும்? படத்தை அனுப்புவதே போர்டுதான். பாதிப் படம் ஒழுங்காக வருகிறது என்றால் பிராசஸர், மெமரி எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மை கொட்டியது போலக் கருப்பு என்றால் எல்சிடி உள்கண்ணாடி உடைந்து திரவம் பரவியிருக்கிறது. அதைப் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். அது டிஸ்ப்ளே சமாச்சாரம், போர்டு சமாச்சாரம் அல்ல.

இன்னொன்று முக்கியம். போர்டையே மாற்றினால் உங்கள் செக்ரோல் போயிற்று. ஆண்ட்ராய்டு 10ஓடு வெளிவந்த கருவியிலிருந்து எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது பூட்டி எழுதப்பட்டது. அந்தப் பூட்டின் சாவி அதே போர்டில் இருக்கும் சிப்போடு கட்டியது. மெமரி சிப்பைக் கழற்றி வேறு போர்டில் வைத்தாலும் வெறும் குப்பையாகத்தான் வரும். ஆகவே யாராவது போர்டு மாற்றலாம் என்றால் முதலில் கையெடுத்துக் கும்பிட்டு டேப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சார்ஜ் போடாதீர்கள். மேசையில் மல்லாக்க வையுங்கள், ஆடுகிறதா? முதுகு வீங்கியிருக்கிறதா? மூக்கை அருகில் கொண்டுபோனால் நகப்பூச்சு மாதிரி இனிப்பான நெடி வருகிறதா? வந்தால் சிமெண்ட் தரையில், துணிமணி இல்லாத இடத்தில் வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். எதுவும் இல்லை என்றால் நாளை பகலில், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். டைப்-சி வயர்தானே? ஒரு பக்கமாகச் செருகிப் பத்து நிமிடம், அப்புறம் வயரைத் திருப்பிச் செருகிப் பத்து நிமிடம்.

நாகலூர் ரைட்டர் | ஞாயிறு, காலை 11.30

ஆடவில்லை. நெடி இல்லை. என் மச்சான் மட்டும், மலைமேல் சிப்ஸ் பாக்கெட் உப்புவது போல பேட்டரியும் உப்பும் என்று பயமுறுத்தினான்.

வயர் விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியே. எழுத்து மேலே இருக்கும்படி செருகினால் ஒன்றுமில்லை. திருப்பிப் போட்டேன், மின்னல் குறி வந்தது! 23லிருந்து 26க்கு ஏறியிருக்கிறது. எப்படி?

அஞ்சுரோடு மெக்கானிக் | ஞாயிறு, பகல் 12.15

டைப்-சி வாயில் பின்கள் இரண்டு பக்கமும் இருக்கும். கரண்டு வரும் பின்கள் இரு பக்கத்துக்கும் பொது. ஆனால் "சார்ஜர் வந்திருக்கிறது" என்று கண்டுபிடிக்கும் சின்னப் பின் பக்கத்துக்கு ஒன்று. அதில் ஒன்று அழுக்கடைந்தாலோ மடங்கினாலோ ஒரு பக்கமாகச் செருகினால் மட்டும் ஏறும். கடைக்காரர் ஒரு தடவை செருகிப் பார்த்துப் போர்டுக்கு ஈமச்சடங்கு நடத்திவிட்டார்.

அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியைச் சீவி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டு, வாயின் நடு நாக்கில் உரசாமல் ஓரமாக மண்ணை எடுங்கள். குண்டூசி கூடவே கூடாது.

மச்சானுக்கு: சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். காற்றழுத்தம் கொஞ்சம் குறைவதால் காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட் உப்பும். பேட்டரிப் பையில் காற்று கிடையாது, அது இறுக்கி மூடியது. அது உப்பினால் உள்ளே ரசாயனம் கெட்டு வாயு உண்டாகிறது என்று பொருள். அப்போது ஏற்காடு என்ன, மேட்டூர் என்ன.

பட்ஜெட் பாண்டி | ஞாயிறு, பகல் 1.40

எதற்கு இவ்வளவு பாடு? ஐந்து வருடப் பழைய டேப். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் புதுசே வரும்.

நாகலூர் ரைட்டர் | ஞாயிறு, பகல் 2.05

புதுசு வாங்கினால் குரங்குக்குப் புதுசு கிடைக்கும். எனக்குக் கணக்கு வேண்டும், பாண்டி. கிலோக் கணக்கில் பழம் எடுத்தவர்களுக்கு அந்தச் சீட்டை வைத்துத்தான் கூலி பேச முடியும்.

கோரிமேடு டீச்சர் | ஞாயிறு, மாலை 4.20

ரைட்டர் அண்ணா, திரையைக் கழற்றுவதற்கு முன் கணக்கை வெளியே எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டு டேப் மாடிப்படியில் உருண்டபோது நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஓடிஜி ஹப் வாங்குங்கள், இரண்டு மூன்று யூஎஸ்பி வாய் இருக்கும். அதில் சாதாரணக் கணினி கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் மூன்றையும் செருகுங்கள். ஹப் வயரையும் சார்ஜ் ஏறிய அதே பக்கமாகத்தான் டேப்பில் செருக வேண்டும், இல்லாவிட்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. திரை விழித்ததும் கீபோர்டில் ஸ்பேஸ் தட்டி, பின் நம்பரை அடித்து என்டர் தட்டுங்கள். பூட்டுத் திரையில் எண் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நம்பரை மட்டும் பொறுமையாக அடியுங்கள். தொடர்ந்து தவறினால் காக்க வைக்கும், சில கருவிகளில் பல முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடும் அமைப்பும் உண்டு.

அப்புறம் திரும்பும் திரைதான் கை கொடுக்கும். தானாகத் திரும்புவது ஆன் ஆகியிருந்தால், டேப்பை நிமிர்த்தி, சாய்த்து, தலைகீழாக்கிப் பாருங்கள். எந்தப் பட்டன் வேண்டுமோ அது நல்ல பாதிக்கு வந்து சேரும். நான் அன்று டேப்பைச் சப்பாத்திக்கல் மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்ப்பேட்டை தம்பி | ஞாயிறு, மாலை 4.31

அரிசி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டீச்சர், இது செம.

நாகலூர் ரைட்டர் | செவ்வாய், இரவு 8.50

கணக்கு வெளியே வந்துவிட்டது!

அடிவாரத்தில் ஹப் கிடைக்கவில்லை, அஸ்தம்பட்டியில் கிடைத்தது. தோட்ட ஆபீஸ் கீபோர்டில் நடு எண்கள் தேய்ந்து போனவை, ஆகவே முதல் தடவை தவறு. உடைந்த டச்சும் நடுநடுவே தானாக அழுத்திக்கொண்டது, கேமரா தானே திறந்து என் முகத்தை இரண்டு படம் எடுத்தது. இரண்டாவது தடவை 'டிங்' என்ற சத்தம். திறந்துவிட்டது. கருப்பு மேலே வரும்படி நிமிர்த்திப் பிடித்ததும் ஃபைல் பட்டியல் கீழ்ப் பாதியில் வந்தது. 'எல்லாம் தேர்வு' மேல் மூலையில் இருந்ததால் தலைகீழாக்கி அழுத்தி, மறுபடி திருப்பி, 'நகலெடு'. மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். ஹப்பில் சார்ஜருக்கு வாய் இல்லை என்பதால் பேட்டரியிலேயே ஓட வேண்டியதாயிற்று. ஆரம்பிக்கும்போது 58. முடியும்போது 31. அதுவரை எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

டீச்சர், உங்களுக்குக் கோடி நன்றி. இனி திரை. நானே மாற்றலாமா?

அஞ்சுரோடு மெக்கானிக் | செவ்வாய், இரவு 9.35

கணக்கு வெளியே வந்தாகிவிட்டது, இனிக் கை வைத்துப் பழகலாம். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று.

டேப் திரை இரண்டு வகை. சிலவற்றில் மேல் கண்ணாடி தனி, எல்சிடி தனி, நடுவே இடைவெளி. ஐபேட் ஒன்பதாம் தலைமுறை அப்படி. அதில் மேல் கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் கண்ணாடி மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்கலாம். (ஹோம் பட்டனைப் பத்திரமாகக் கழற்றிப் புதுக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அந்தப் பட்டன் அதன் போர்டோடு ஜோடி சேர்ந்தது, கிழிந்தால் கைரேகை போயே போச்சு.) மற்ற வகையில் இரண்டும் ஒன்றாக ஒட்டி வரும், கடையில் காம்போ என்போம். உங்களுக்கு எப்படியும் எல்சிடி போய்விட்டதால் காம்போவாகவே வாங்குங்கள்.

பின்பக்க மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சிம் போடும் மாடலுக்கும் வைஃபை மாடலுக்கும் கடைசி எழுத்தோ எண்ணோதான் மாறும், சில சமயம் ரிப்பன் (திரையைப் போர்டோடு இணைக்கும் பட்டை வயர்) நீளமும் மாறும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கலாம். வந்ததும் ஒட்டாதீர்கள். ரிப்பனை மட்டும் மாட்டி, வெளியே தொங்கவிட்டு, ஆன் செய்து, நான்கு மூலையிலும் விரலை இழுத்துப் பாருங்கள். பாதுகாப்புத் தாளை உரித்தால் திருப்பி வாங்க மாட்டார்கள்.

கொலுசுக்காரர் | புதன், காலை 7.15

முப்பது வருடமாகக் கொலுசுப் பட்டறை. கம்ப்யூட்டர் தெரியாது, உலோகம் தெரியும். மடங்கிய மூலையை விட்டுவிட்டுப் புதுக் கண்ணாடியை ஒட்டினால் அந்த மூலையிலேயே மறுபடி விரியும். மூலை அலுமினியமா பிளாஸ்டிக்கா? அலுமினியம் என்றால் உள்பக்கம் மரக்கட்டையை அண்டைக் கொடுத்து, வெளியே மரச்சுத்தியால் பொடிப்பொடியாகத் தட்டணும். ஒரே அடியில் நிமிர்த்தப் பார்த்தால் கீறல் விடும். பேட்டரியும் போர்டும் உள்ளே இருக்கும்போது தட்டவே கூடாது.

கண்ணாடியின் பசை இளகச் சூடு வேணும்னா துணி முடிச்சில் உப்பை வறுத்துக் கட்டி ஓரமாக ஒத்தடம் கொடுங்க. முழங்கால் வலிக்குக் கொடுப்பது மாதிரி.

அஞ்சுரோடு மெக்கானிக் | புதன், காலை 8.40

ஒத்தடம் அருமையான யோசனை ஐயா, நாங்கள் காசு கொடுத்து வாங்கும் சூட்டுப் பை செய்வதும் அதையேதான். ஆனால் உப்பு வேண்டாம். ஒரு துகள் உள்ளே விழுந்து ஈரம் பட்டால் செம்பை அரித்துவிடும், அதுவும் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில். ஆற்று மணலைச் சலித்து வறுத்து இரட்டைத் துணியில் கட்டுங்கள். கை வைத்தால் மூன்று விநாடி தாங்கும் சூடு போதும்.

அதேபோல யாரும் வெள்ளி பற்றவைக்கும் பட்டறை வெங்காரத்தை வைத்துச் சார்ஜிங் பின்னுக்கு ஈயம் வைக்காதீர்கள். ஒருவர் வைத்துக் கொண்டுவந்தார். சொல்லி மாளாது.

கொலுசுக்காரர் | புதன், காலை 8.52

சரிதான். வெங்காரம் வெள்ளிக்குத்தான். ரைட்டர் தம்பி, உள்சாமான் எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் சேலம் குகைப் பகுதியில் என் பட்டறைக்குக் கொண்டுவாங்க, நான் தட்டித் தருகிறேன்.

நாகலூர் ரைட்டர் | அடுத்த ஞாயிறு, இரவு 10.20

முடித்துவிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

உடைந்த கண்ணாடி மேல் அகலமான செலோடேப்பை வரிசையாக ஒட்டினேன், தூள் கண்ணுக்குப் போகாது. மணல் ஒத்தடம். ஓரத்தில் பழைய ஏடிஎம் கார்டைச் சொருகி நகர்த்தினேன். முதல் பக்கம் திறக்கவே முக்கால் மணி நேரம். அவசரப்பட்டு ஒரு இடத்தில் கார்டை ஆழமாக விட்டேன், உள்ளே ஏதோ மெத்தென்று பட்டது. பேட்டரி! கை நடுங்கிப் போய் நிறுத்திவிட்டேன். நல்லவேளை, உறையில் கீறல் இல்லை. யாராவது செய்தால் கார்டு ஒரு நகக்கண் அளவுக்கு மேல் உள்ளே போகக் கூடாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன், அதற்கப்புறம்தான் மற்றது. பேட்டரி அடியில் பசை பலமாக இருந்தது. மெக்கானிக் போனில் சொன்னபடி ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நூலால் அறுத்து எடுத்தேன். நெம்பவில்லை.

கூட்டைக் குகைக்குக் கொண்டுபோனேன். ஐயா அதைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேராக விளிம்பைப் பார்த்தார். மூலை மட்டும் இல்லை, நீளவாட்டிலும் லேசான வளைவு இருக்கிறது என்றார். எனக்குத் தெரியவே இல்லை. தராசுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடித் தட்டின் மேல் வைத்துக் காட்டினார், ஒரு ஓரத்தில் கடிதத் தாள் நுழைந்தது. சுத்தி விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, கால் மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தாள் நுழையவில்லை.

வீட்டுக்கு வந்து ரிப்பன் மாட்டினேன். படம் வந்தது, டச் வேலை செய்யவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக்கை எழுப்பினேன், மன்னிக்கவும். "பூட்டைத் தூக்கினீர்களா?" என்றார். ரிப்பன் வாயில் கறுப்பாக ஒரு மெல்லிய மூடி இருக்கிறது, அதை நகத்தால் நிமிர்த்தி, ரிப்பனை வெள்ளைக் கோடு மறையும் வரை விட்டு, மூடியைப் படுக்க வைக்க வேண்டும். நான் மூடியைத் தூக்காமலேயே திணித்திருக்கிறேன். சரியாக மாட்டியதும் நான்கு மூலையும் விரலுக்குக் கீழே ஓடியது. பி-7000 பசை தடவி, நான்கு பக்கமும் துணி காயப்போடும் கிளிப் மாட்டி, இரவு முழுக்க விட்டேன்.

செலவு: காம்போ 3,400, ஹப் 450, பசையும் ஆல்கஹாலும் 300. மொத்தம் 4,150.

பட்ஜெட் பாண்டி | ஞாயிறு, இரவு 10.41

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஒரு வாரக் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கோரிமேடு டீச்சர் | ஞாயிறு, இரவு 11.00

பாண்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லோராலும் இதைச் செய்ய முடியாது, கடைக்குத்தான் போவார்கள். போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: எந்தப் பாகம் போயிற்று என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? பதிலே முகத்தில் தெரிந்துவிடும். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. சேர்ந்திருக்கும் நிறுவனங்களின் பழுது, உதிரிபாக விவரங்களை அதில் பார்க்கலாம்.

அஞ்சுரோடு மெக்கானிக் | திங்கள், காலை 9.10

நல்ல வேலை, ரைட்டர் சார். வைஃபை எப்படி இருக்கிறது? பக்கத்து அறையில் பிடிக்கிறதா?

நாகலூர் ரைட்டர் | திங்கள், பகல் 1.15

அதைத்தான் கேட்க வந்தேன். ரூட்டருக்கு முன்னால் முழுக் கோடு, திண்ணைக்குப் போனால் ஒன்றுமில்லை. ஊர் சிக்னல் என்று நினைத்தேன்.

அஞ்சுரோடு மெக்கானிக் | திங்கள், பகல் 1.30

ஊர் மேல் பழி போடாதீர்கள். கூட்டைத் தட்டிய மூலைப் பக்கம் ஆன்டெனாவைத் தொடும் சின்னத் தகட்டு ஸ்பிரிங் ஒன்று இருக்கும். மாட்டும்போது படுத்திருக்கும். ஓரத்தை மட்டும் சூடாக்கித் திறந்து, இடுக்கியால் ஒரு மயிரிழை நிமிர்த்துங்கள்.

நாகலூர் ரைட்டர் | செவ்வாய், இரவு 7.45

படுத்துத்தான் கிடந்தது. நிமிர்த்தினேன், இப்போது களம் வரைக்கும் பிடிக்கிறது. கொலுசுக்கார ஐயா, கூலி எவ்வளவு என்று கடைசி வரை நீங்கள் சொல்லவே இல்லையே.

கொலுசுக்காரர் | புதன், காலை 6.50

காசெல்லாம் வேணாம் தம்பி. அடுத்த தடவை கீழே வரும்போது வறுக்காத காபிக்கொட்டை அரைக் கிலோ. பையை மட்டும் ஹேண்டிலில் மாட்டாதீங்க.